ஆல்பைன் கார்டு: முதல் பூட்டில் எல்லாம் தானாக நடக்கிறது, கரண்டு போய் வந்தால் பேக்கேஜ்கள் காணோம்

ரங்கூன்_வகுப்பு எழுதியது:

வணக்கம். ரங்கூனில் கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்காக 10 ராஸ்பெரி பை 3பி பலகைகளை (கையளவுக் கணினிகள்) தயார் செய்கிறேன். எல்லாம் 1 ஜிபி ரேம், 16 ஜிபி கார்டு. இயங்குதளம் ஆல்பைன் லினக்ஸ் 3.22, ஆர்ச்64 (64 பிட் ஆர்ம்) படிமம். கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாததால் கார்டில் நிறுவவில்லை. கார்டிலிருந்து ஏறி ரேமில் ஓடும் டிஸ்க்லெஸ் முறையில் வைத்திருக்கிறேன்.

வேண்டியது இதுதான். கார்டைச் செருகி மின்சாரம் கொடுத்தால் போதும், திரையும் விசைப்பலகையும் இல்லாமல் பலகை தானே போன் ஹாட்ஸ்பாட்டில் சேர வேண்டும். நேரத்தைச் சரி செய்து, ஓப்பன்எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து உள்நுழைய), ஆர்சிங்க் (கோப்புகளை நகல் எடுக்க), நானோ (கோப்பைத் திருத்த), நோட்டோ தமிழ் எழுத்துரு, நோட்டோ மியன்மார் எழுத்துரு ஆகியவற்றை இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டும்.

இதுவரை செய்தது: இடிசி என்ற அமைப்புக் கோப்புறையை ஏபிகேஓவிஎல் மேலடுக்காக (பூட்டின்போது ரேமில் விரியும் சுருக்கக் கோப்பு) கட்டிக் கார்டின் வேரில் வைத்தேன். அதற்குள் நெட்வொர்க் அமைப்பு, வைஃபை கடவுச்சொல், /இடிசி/லோக்கல்.டி-யில் ஒரு ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட் 20 விநாடி காத்திருந்து ஏபிகே ஆட் (பேக்கேஜ் நிறுவும் கட்டளை) செய்கிறது, வேலை முடிந்தது என்று காட்ட ஒரு அடையாளக் கோப்பை வைக்கிறது, எல்பியு கமிட் (ரேமில் மாறியதைக் கார்டில் சேமிக்கும் கட்டளை) செய்கிறது, கடைசியாக ஓப்பன்எஸ்எஸ்எச்-இன் சேவையான எஸ்எஸ்எச்டி-யைத் தொடங்குகிறது.

வரும் தொல்லைகள்:

10 கார்டில் 6 மட்டும் முதல் பூட்டில் நெட்டைப் பிடிக்கின்றன. பிடித்தவற்றிலும் எச்டிடிபிஎஸ் முகவரியைத் தொட்டால் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிழை. எல்லாம் ஒழுங்காக முடிந்த கார்டுகளிலும், கரண்டு போய் வந்தபின் எழுத்துருக்கள் இல்லை, ஆர்சிங்க் இல்லை. அடையாளக் கோப்பு இருப்பதால் ஸ்கிரிப்ட் மறுபடி ஓடுவதுமில்லை. எஸ்எஸ்எச் மட்டும் எழுகிறது. ஆனால் உள்ளே போனால் எந்திரத்தின் சாவி மாறிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது, என் பொதுச்சாவியை ஏற்காமல் கடவுச்சொல் கேட்கிறது.

நான்கும் நான்கு தனித்தனித் தவறா, அல்லது அடிப்படையில் ஒன்றுதானா?

---

பெகுக்காரன் எழுதியது:

வணக்கம் தம்பி. பாதிக்கு மேல் ஒரே தவறுதான். டிஸ்க்லெஸ் முறையில் பூட் இரண்டு கட்டமாக நடக்கிறது. நீங்கள் அதை ஒரே கட்டமாக நினைத்துக் கட்டியிருக்கிறீர்கள்.

முதல் கட்டம் இனிட்ராம்எஃப்எஸ், அதாவது கர்னலோடு ஏறும் சிறு தொடக்கக் கோப்பமைப்பு. அது கார்டைத் தேடிப் பிடித்து, ஏபிகேஓவிஎல் மேலடுக்கை ரேமில் விரித்து, /இடிசி/ஏபிகே/வேர்ல்ட் கோப்பில் இருக்கும் பேக்கேஜ்களை நிறுவுகிறது. அந்த நேரத்தில் வைஃபை கிடையாது. ஆகவே கார்டின் ஏபிகேஎஸ் கோப்புறையில் இருப்பதும், கார்டில் கேஷ் (இறக்கிய பேக்கேஜ்களைச் சேர்த்துவைக்கும் இடம்) வைத்திருந்தால் அதில் இருப்பதும் மட்டுமே கிடைக்கும். கிடைக்காதவற்றுக்குத் திரையில் ஒரு பிழை வரி ஓடும், பூட் நிற்காது. திரையே இல்லாத உங்கள் பலகையில் அதை யார் பார்ப்பது?

இரண்டாம் கட்டம் ஓப்பன்ஆர்சி, சேவைகளை எழுப்பும் நிரல். சேவைகள் எழுந்து, நெட் வந்து, கடைசியாக லோக்கல் சேவை உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டுகிறது.

இப்போது உங்கள் மூன்றாவது தொல்லையைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் செய்த ஏபிகே ஆட் ரேமில்தான் நிறுவியது. வேர்ல்ட் கோப்பில் பெயர்கள் சேர்ந்தன, எல்பியு கமிட் அந்தப் பெயர்களைக் கார்டில் எழுதியது. பெயர் கார்டில் இருக்கிறது, பேக்கேஜ் இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எச் மட்டும் படிமத்தோடு வரும் ஏபிகேஎஸ் கோப்புறையிலேயே இருப்பதால் அது எழுகிறது, மற்றவை எழவில்லை.

ஆகவே கேஷ் வேண்டும். ஸ்கிரிப்டில் ஏபிகே அப்டேட்டுக்கு முன்பே இதைச் செய்யுங்கள்: /மீடியா/எம்எம்சிபிஎல்கே0பி1 பகுதியை எழுதத்தக்கதாக மறுபடி மவுண்ட் செய்து, அதில் கேஷ் என்று கோப்புறை உண்டாக்கி, /இடிசி/ஏபிகே/கேஷ் என்ற பெயரில் அதற்கு ஒரு குறியிணைப்பு போடுங்கள். அதன்பின் இறக்குவதெல்லாம் கார்டிலேயே தங்கும். குறியிணைப்பு /இடிசி-க்குள் இருப்பதால் எல்பியு அதையும் சேமிக்கும். அடுத்த பூட்டில் நெட் இல்லாவிட்டாலும் முதல் கட்டத்திலேயே எல்லாம் நிறுவப்பட்டுவிடும்.

எஸ்எஸ்எச் விஷயம் வரிசைத் தவறு. எஸ்எஸ்எச்டி முதன்முறை தொடங்கும்போதுதான் தன் சாவிகளை உண்டாக்குகிறது. நீங்கள் கமிட் செய்துவிட்டுத் தொடங்குகிறீர்கள். சாவி ரேமில் பிறந்து, கரண்டு போனதும் போய்விடுகிறது. முதலில் தொடங்குங்கள், பிறகு கமிட்.

பொதுச்சாவி மறைவது வேறு காரணம். எல்பியு இயல்பாக /இடிசி-யை மட்டுமே காக்கும். கையால் கட்டிய முதல் மேலடுக்கில் /ரூட்/.எஸ்எஸ்எச் இருந்ததால் முதல் முறை வேலை செய்தது. கமிட் செய்தவுடன் புதிய மேலடுக்கில் அது இல்லை. எல்பியு இன்க்ளூட் /ரூட்/.எஸ்எஸ்எச் என்று ஒரு முறை சொல்லிவிட்டுக் கமிட் செய்தால் தங்கும்.

கமிட் எங்கே எழுத வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: /இடிசி/எல்பியு/எல்பியு.கான்ஃப் கோப்பில் எல்பியு_மீடியா என்ற மாறிக்கு எம்எம்சிபிஎல்கே0பி1. எல்பியு கமிட் செய்யும்போது -டி சேருங்கள். எந்திரத்தின் பெயரைத்தான் மேலடுக்குக் கோப்பின் பெயராக அது வைக்கிறது. ஸ்கிரிப்ட் நடுவில் பெயரை மாற்றினால் பழையது ஒன்று, புதியது ஒன்று என்று இரண்டு மேலடுக்கு கார்டில் கிடக்கும். -டி பழையதை அகற்றிவிடும்.

ஸ்கிரிப்டின் ஓட்டம் இப்படி இருக்கட்டும்:

அடையாளக் கோப்பு இருந்தால் உடனே வெளியேறு. வெளியீடு, பிழை எல்லாவற்றையும் /டிஎம்பி-யில் ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்பு. இயல்பு ரூட் (பலகையிலிருந்து நெட்டுக்குப் போகும் வழி) வந்துவிட்டதா என்று 2 விநாடிக்கு ஒரு முறை பார், 90 முறை வரை. வராவிட்டால் அடையாளம் வைக்காமல் வெளியேறு, அடுத்த பூட்டில் மறுபடி முயலட்டும். நேரத்தைச் சரி செய். கேஷ் இணைப்பைப் போடு. ஏபிகே அப்டேட், ஏபிகே ஆட். சேவைகளை ரன்லெவலில் (பூட்டில் எழ வேண்டிய சேவைகளின் பட்டியல்) சேர்த்துத் தொடங்கு. அடையாளக் கோப்பை /இடிசி-க்குள் வை. எல்பியு கமிட் -டி. பதிவுக் கோப்பைக் கார்டுக்கு நகல் எடு. சிங்க் செய்து, கார்டை வாசிக்க மட்டும் என்று மறுபடி மவுண்ட் செய்.

ஒவ்வொரு படியும் தோற்றால் அங்கேயே வெளியேற வேண்டும். ஏபிகே ஆட் தோற்றபின்னும் அடையாளம் வைக்கும் ஸ்கிரிப்டைவிட ஸ்கிரிப்டே இல்லாமல் இருப்பது நல்லது. பதிவுக் கோப்பைக் கார்டுக்கு எடுப்பதையும் விடாதீர்கள். /வார்/லாக் ரேமில்தான் இருக்கிறது, கரண்டு போனால் சாட்சியும் போகும். தோற்று வெளியேறும் வழியிலும் அந்த நகல் நடக்கும்படி எழுதுங்கள்.

20 விநாடி போதாது என்பதற்குக் காரணம்: நெட் முகவரி வாங்கும் யுடிஎச்சிபிசி நிரலுக்கு உடனே முகவரி கிடைக்காவிட்டால் அது பின்னணிக்குப் போய் முயன்றுகொண்டே இருக்கும். நெட்வொர்க்கிங் சேவை "எழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடும். லோக்கல் சேவை மற்றவற்றுக்குப் பின்னால் ஓடினாலும், முகவரி வந்துவிட்டது என்பதற்கு அது உத்தரவாதமில்லை. விநாடி எண்ணாதீர்கள், ரூட் வந்ததா என்று பாருங்கள்.

---

ரங்கூன்_வகுப்பு எழுதியது:

மிக்க நன்றி அண்ணே. பெயர் இருக்கிறது, பேக்கேஜ் இல்லை என்ற இடம் இப்போதுதான் விளங்கியது.

மேலடுக்கைப் புதிதாகக் கட்டினேன். இப்போது ஒரு புதுச் சிக்கல். வைஃபை இடைமுகமே இல்லை. திரையைச் செருகிப் பார்த்தால் லோ (பலகைக்குள் மட்டும்), ஈத்0 (கேபிள்) இரண்டும்தான் இருக்கின்றன. எந்திரத்தின் பெயரும் ஏறவில்லை. முன்பு இப்படி இல்லை. மேலடுக்கைக் கட்டிய விதம்: இடிசி கோப்புறைக்குள் போய், அங்கிருந்த கோப்புகளை நட்சத்திரக் குறியால் சேர்த்து, இடிசி என்ற முன்னொட்டோடு டார் செய்தேன். ஸ்கிரிப்டை வீட்டு விண்டோஸ் கணினியில் திருத்தினேன்.

---

மோல்மீன்_கரை எழுதியது:

மாட்லூப் சேவை எழவில்லை என்று அர்த்தம். வைஃபை டிரைவர்களும் ஃபர்ம்வேரும் மாட்லூப் கோப்புக்குள்தான் இருக்கின்றன. அது மவுண்ட் ஆகாவிட்டால் டபிள்யூலேன்0 என்ற வைஃபை இடைமுகம் பிறக்காது.

ஏன் எழவில்லை? மேலடுக்கே இல்லாமல் பூட் செய்தால் இனிட்ராம்எஃப்எஸ் தானாகவே டெவ்எஃப்எஸ், எம்டெவ், மாட்லூப், மாட்யூல்ஸ், ஹோஸ்ட்நேம் போன்ற சேவைகளை ரன்லெவலில் சேர்க்கும். மேலடுக்கு ஒன்று இருந்தால், ரன்லெவல்கள் அதற்குள் ஏற்கெனவே இருக்கும் என்று நம்பி அந்த வேலையை விட்டுவிடும். "இல்லை, நீயே சேர்த்துக்கொள்" என்று சொல்ல ஒரு வழி உண்டு: மேலடுக்கின் இடிசி-க்குள் .டிஃபால்ட்_பூட்_சர்வீசஸ் என்ற வெற்றுக் கோப்பு. முன்பு உங்களிடம் அது இருந்திருக்கிறது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் நட்சத்திரக் குறி அதைப் பிடிக்காது. இம்முறை விட்டுப்போய்விட்டது.

கோப்புறைக்கு உள்ளே போய்க் கட்டாதீர்கள். மேலே நின்று கோப்புறையின் பெயரைக் கொடுங்கள்: டார் -சி (பெரிய எழுத்து) மேலடுக்குக்_கோப்புறை, பிறகு இடிசி, ரூட் என்று இரண்டு பெயர். கூடவே --ஓனர்=0 --குரூப்=0 சேர்க்க வேண்டும். சாதாரணப் பயனராகக் கட்டினால் கோப்புகள் 1000 என்ற எண்ணுக்குச் சொந்தமாகும். அப்போது எஸ்எஸ்எச்டி உங்கள் ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பை நம்ப மறுக்கும், காரணத்தையும் உங்களுக்குச் சொல்லாது.

விண்டோஸில் திருத்தியது இன்னொரு கண்ணி. வரி முடிவில் கூடுதலாக ஒரு எழுத்து ஒட்டிக்கொள்ளும். முதல் வரியில் இருக்கும் /பின்/எஸ்எச் அந்த எழுத்தோடு சேர்ந்து இல்லாத நிரலின் பெயராகிவிடும். பிழையோ "கோப்பு இல்லை" என்று வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்போது அப்படி வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், டாஸ்2யுனிக்ஸ் ஓட்டுங்கள். ஓட்டும் அனுமதி 755 இருக்கிறதா, பெயர் .ஸ்டார்ட் என்று முடிகிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் லோக்கல் சேவை சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

.டிஃபால்ட்_பூட்_சர்வீசஸ் சேர்க்கும் பட்டியலில் நெட்வொர்க்கிங், டபிள்யூபிஏ_சப்ளிகன்ட் (வைஃபையில் சேர்ப்பது), லோக்கல் மூன்றும் கிடையாது. அவற்றுக்குக் குறியிணைப்பை நீங்களே வைக்க வேண்டும். முதல் இரண்டும் /இடிசி/ரன்லெவல்ஸ்/பூட் கோப்புறையில், லோக்கல் /இடிசி/ரன்லெவல்ஸ்/டிஃபால்ட் கோப்புறையில். இணைப்பு /இடிசி/இனிட்.டி-யில் அதே பெயரில் உள்ளதைச் சுட்ட வேண்டும். வேர்ல்ட் கோப்பில் ஆல்பைன்-பேஸ், டபிள்யூபிஏ_சப்ளிகன்ட், ஓப்பன்எஸ்எஸ்எச் மூன்று மட்டும் போதும். அவை கார்டின் ஏபிகேஎஸ் கோப்புறையில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். நெட்டைக் கொண்டுவரும் பேக்கேஜை நெட்டிலிருந்து எடுக்க முடியாது. பலர் தடுக்கி விழும் இடம் இது.

இனி, 10-ல் 4 கார்டு சேராத கதை. பை 3பி-யின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். 5 கிகாஹெர்ட்ஸ் 3பி பிளஸ்ஸில்தான் வந்தது. போன் ஹாட்ஸ்பாட்டை 2.4-க்கும், பாதுகாப்பை டபிள்யூபிஏ2-க்கும் மாற்றுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் இந்தச் சில்லு தடுமாறும். ஆனால் 6 சேர்ந்து 4 சேரவில்லை என்றால் அலைவரிசையைவிட எண்ணிக்கையைத்தான் நான் சந்தேகிப்பேன். போன் ஹாட்ஸ்பாட் ஒரே நேரத்தில் எத்தனை கருவியை ஏற்கும் என்பதற்கு வரம்பு உண்டு, மாடலுக்கு மாடல் மாறும். மூன்று மூன்றாக ஏற்றிப் பாருங்கள். டபிள்யூபிஏ_சப்ளிகன்ட் அமைப்பில் நாட்டுக் குறியீடு எம்எம் என்று இருக்கட்டும்.

---

தட்டோன்_நேரம் எழுதியது:

சான்றிதழ்ப் பிழையை யாரும் இன்னும் தொடவில்லை. பை 3பி-யில் கரண்டு இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. ஏறும்போது தேதி பல ஆண்டு பின்னால் நிற்கும். அந்தத் தேதியில் பார்த்தால் இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் எதிர்காலத்தில் பிறக்கப்போகிறவை. பிழைச் செய்தி சொல்வது நியாயம்தான்.

ஓப்பன்ஆர்சி-யின் எஸ்டபிள்யூகிளாக் சேவை கடைசியாக அணைந்த நேரத்தை ஒரு கோப்பின் தேதியிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தக் கோப்பு /வார்-க்குள் இருக்கிறது. டிஸ்க்லெஸ்ஸில் /வார் ரேம். ஆக இங்கே அதனால் பயனில்லை.

வழி: ரூட் வந்ததும், வேறு எதற்கும் முன்பாக, பிசிபாக்ஸின் என்டிபிடி-யை (நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் நிரல்) -என் -கியூ -பி என்ற மூன்று குறியோடு பூல்.என்டிபி.ஓஆர்ஜி-யைக் காட்டி ஓட்டுங்கள். -கியூ நேரத்தை வைத்ததும் வெளியேறச் சொல்கிறது. பதில் வராவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும், அதனால் முன்னால் டைம்அவுட் 60 போடுங்கள். பிறகு தொடர்ந்து நேரம் காக்க கிரோனி.

என்டிபி-க்கு வேண்டிய யுடிபி 123 சில இணைப்புகளில் வெளியே போகாது. அப்போது இரண்டாம் வழியாக, கார்டில் உள்ள மேலடுக்குக் கோப்பின் தேதியை ஸ்டாட் கட்டளையால் விநாடிக் கணக்கில் எடுத்து டேட் -எஸ் @ என்று வையுங்கள். சரியான நேரம் அல்ல, ஆனால் சான்றிதழ்கள் ஏற்கும் அளவுக்கு அருகில் வந்துவிடும்.

ஏபிகே-யின் ரெப்பாசிட்டரி முகவரியை எச்டிடிபி என்றே வைத்துக்கொள்ளலாம். ஏபிகே தன் பட்டியலின் கையொப்பத்தை /இடிசி/ஏபிகே/கீஸ்-இல் உள்ள சாவியால் சரிபார்க்கிறது, கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நடுவில் யாராவது பேக்கேஜை மாற்றினால் அது பிடித்துவிடும். நீங்கள் எதை இறக்குகிறீர்கள் என்று பார்ப்பதை மட்டும் எச்டிடிபி தடுக்காது. வகுப்புக்கு அது போதுமா என்பது உங்கள் முடிவு. என் கருத்து, முதல் பூட்டுக்குப் போதும்.

நேர வலயம் ஏசியா/யாங்கோன். நம் ஊர் உலகப் பொது நேரத்துக்கு 6:30 மணி முன்னால் என்பதால், ஏதாவது நிரல் அரை மணி பிசகினால் வலயம் தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம். டிஇசட்டேட்டா பேக்கேஜைப் பலகையில் வைக்கத் தேவையில்லை. அந்த ஒரே கோப்பை /இடிசி/சோன்இன்ஃபோ-வுக்குள் நகல் எடுத்து, /இடிசி/லோக்கல்டைம் என்ற இணைப்பை அதற்குத் திருப்பினால் மேலடுக்கோடேயே போய்விடும்.

பணம் கொஞ்சம் செலவிட முடிந்தால் ஒவ்வொரு பலகைக்கும் டிஎஸ்3231 கடிகாரத் தொகுதி போடுங்கள். 0 முதல் 40 டிகிரி வரை ±2 பிபிஎம், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 நிமிடம்தான் பிசகும். பலகையின் ஊசி எண் 1-இல் 3.3 வோல்ட், 3-இல் எஸ்டிஏ, 5-இல் எஸ்சிஎல், 6-இல் தரை. கார்டின் யூசர்சிஎஃப்ஜி.டிஎக்ஸ்டி கோப்பில் இரண்டு வரி: டிடிபாராம்=ஐ2சி_ஆர்ம்=ஆன், டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231. பிறகு எஸ்டபிள்யூகிளாக்கை எடுத்துவிட்டு எச்டபிள்யூகிளாக்கைப் பூட் ரன்லெவலில் சேர்க்கவும். நேரம் சரியான பின் எச்டபிள்யூகிளாக் -டபிள்யூ ஒரு முறை ஓட்டினால்தான் தொகுதிக்குள் நேரம் ஏறும், மறக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கடைகளில் கிடைக்கும் நீலத் தொகுதிகள் பலவற்றில், இசட்எஸ்-042 என்று பின்னால் அச்சிட்டிருக்கும், மின்கலத்தைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கிறது. அது எல்ஐஆர்2032 என்ற மறுசார்ஜ் கலத்துக்கானது. அதில் சாதாரண சிஆர்2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் கலம் உப்பும், கசியும். 3.3 வோல்ட்டில்தான் இணைக்க வேண்டும். சார்ஜ் பாதையில் உள்ள டயோடையோ மின்தடையையோ எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பிள்ளைகள் உட்காரும் மேசை அது.

---

பெகுக்காரன் எழுதியது:

தட்டோன் அண்ணன் எச்டிடிபி பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், கேஷ் இருப்பதால் இது முக்கியம். முதல் பூட்டில் எச்டிடிபி-யில் இறக்கிவிட்டு, பின்னால் முகவரியை எச்டிடிபிஎஸ் என்று மாற்றிக் கமிட் செய்யாதீர்கள். கேஷில் பட்டியல் கோப்பு ஏபிகேஇண்டெக்ஸ், அதன்பின் ஒரு குறியெண் என்ற பெயரில் கிடக்கும். அந்தக் குறியெண் ரெப்பாசிட்டரி முகவரியிலிருந்து கணக்கிட்டது. முகவரியில் ஒரு எழுத்து மாறினாலும் ஏபிகே வேறு பெயரில் தேடும், நெட் இல்லாத முதல் கட்டத்தில் பட்டியலே இல்லை என்று நிற்கும். பேக்கேஜ்கள் அத்தனையும் கார்டில் இருந்தும் நிறுவாது. மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றியபின் ஏபிகே அப்டேட், ஏபிகே கேஷ் டவுன்லோட் இரண்டும் ஓட்டிவிட்டுக் கமிட் செய்யுங்கள்.

முகவரியில் லேட்டஸ்ட்-ஸ்டேபிள் என்று எழுதியிருந்தால் வி3.22 என்று மாற்றுங்கள். லேட்டஸ்ட்-ஸ்டேபிள் அடுத்த வெளியீடு வந்த அன்றே அதற்குத் தாவிவிடும். கார்டில் இருக்கும் அடித்தளமும் கர்னலும் 3.22-ஆகவே இருக்கும். இரண்டு வெளியீட்டின் நூலகங்கள் கலந்தால் எதை நம்புவது? எழுத்துருக்கள் கம்யூனிட்டி ரெப்பாசிட்டரியில் இருக்கின்றன. மெயின் வரி மட்டும் வைத்தால் "அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை" என்றுதான் வரும். முதல் வரியாகக் கார்டின் ஏபிகேஎஸ் பாதை, பிறகு மெயின், பிறகு கம்யூனிட்டி.

10 பலகையும் ஒவ்வொன்றாக இறக்க வேண்டியதுமில்லை. போன் டேட்டாவை ஏன் 10 முறை செலவழிக்க வேண்டும்? முதல் கார்டை முழுதாக முடித்து, நெட்டை அணைத்துவிட்டு ஒரு முறை பூட் செய்து பாருங்கள். எல்லாம் எழுந்தால் அந்தக் கார்டின் கேஷ் கோப்புறையை மற்ற ஒன்பதுக்கும் நகல் எடுங்கள். மேலடுக்கையும் எடுக்கலாம், ஆனால் அதை விரித்து /இடிசி/எஸ்எஸ்எச்-இல் உள்ள எந்திரச் சாவிகளையும் ஹோஸ்ட்நேமையும் அடையாளக் கோப்பையும் அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். சாவியோடு நகல் எடுத்தால் பத்தும் ஒரே முகம் காட்டும்.

பெயரைப் பலகையே வைத்துக்கொள்ளட்டும். /சிஸ்/கிளாஸ்/நெட்/ஈத்0/அட்ரஸ் கோப்பில் மேக் எண் இருக்கிறது. கடைசி மூன்று இணையை எடுத்து "வகுப்பு-" என்பதன் பின்னால் ஒட்டி /இடிசி/ஹோஸ்ட்நேம்-இல் எழுதச் சொல்லுங்கள். நிஜக் கோப்பில் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்க வேண்டும். பலகையின் அடியில் அதே எண்ணை ஒரு காகிதத்தில் ஒட்டிவிட்டால் பின்னால் தேட வேண்டாம்.

கேஷ் நகல் ஒரே கட்டமைப்புக்குள் மட்டும்தான் செல்லும். நடுவில் பழைய பை சீரோ ஒன்று வந்தால் அது ஆர்ம்எச்எஃப். ஆர்ச்64 பேக்கேஜ் அதில் ஓடாது.

---

மோல்மீன்_கரை எழுதியது:

ரேம் கணக்கையும் பார்த்துவிடுங்கள். டிஸ்க்லெஸ்ஸில் வேர்க் கோப்பமைப்பு ரேமின் பாதி அளவுக்குத்தான் வளரும். 1 ஜிபி பலகையில் 500 எம்பி-க்கும் குறைவு. எழுத்துரு, ஆர்சிங்க், நானோ எல்லாம் அதில் தாராளமாக அடங்கும். பின்னால் ஃபயர்ஃபாக்ஸும் டெஸ்க்டாப்பும் வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்த முறையை நீட்டிக்கப் பார்க்காதீர்கள். அப்போது கார்டில் இரண்டாம் பகுதியாக இஎக்ஸ்டி4 வைத்து, அதை /எம்என்டி-யில் மவுண்ட் செய்து, செட்டப்-டிஸ்க் -எம் சிஸ் /எம்என்டி என்று நிறுவுங்கள். கரண்டு போகும்போது எழுதிக்கொண்டிருந்தால் கோப்பமைப்பு கெடும் ஆபத்து அங்கே உண்டு. டிஸ்க்லெஸ்ஸில் கார்டு வாசிக்க மட்டும் என்று இருப்பதால் அது இல்லை. என்னைக் கேட்டால் டெஸ்க்டாப்பை வேறு கணினியில் வைத்துக்கொண்டு இந்தப் பத்தையும் இப்படியே விடுவேன்.

விடைக் கோப்பு வைத்துச் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். செட்டப்-ஆல்பைன் -சி கொடுத்தால் மாதிரி விடைக் கோப்பு ஒன்றை எழுதித் தரும். -எஃப் கொடுத்தால் அதை வாசித்து ஓடும். ஆனால் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும், திரையில்லாப் பலகை அங்கேயே உறைந்துவிடும். -ஈ சேர்த்தால் வெற்றுக் கடவுச்சொல்லோடு தாண்டும். பிறகு ஸ்கிரிப்டிலேயே வலுவான கடவுச்சொல் ஒன்றை வைத்துவிட்டு எஸ்எஸ்எச்-ஐச் சாவியால் மட்டும் திறக்க வையுங்கள். சிஸ் முறையில் நிறுவும்போது வட்டை அழிக்கட்டுமா என்றும் கேட்கும். இரேஸ்_டிஸ்க்ஸ் என்ற சூழல் மாறியில் வட்டின் பெயரைக் கொடுத்தால் கேட்காது. பெயரைத் தவறாகக் கொடுத்தாலும் கேட்காது.

ப்ராக்ஸி வழியாகத்தான் நெட் என்றால், /இடிசி/ப்ரொஃபைல்.டி-யில் எழுதியதை லோக்கல் சேவை வாசிக்காது. உள்ளே நுழையும் பயனருக்குத்தான் அது. எச்டிடிபி_ப்ராக்ஸி மாறியை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

எழுத்துரு பற்றி ஒரு சொல். நோட்டோ மியன்மார் யூனிகோட். நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1-இல். அதற்கு முந்தைய பர்மியக் கோப்புகள் பல ஜாவ்ஜி என்ற பழைய குறியீட்டில் இருக்கும், இந்த எழுத்துருவில் உருக்குலைந்து தெரியும். அது நிறுவல் தவறல்ல, கோப்பைத்தான் மாற்ற வேண்டும்.

---

ரங்கூன்_வகுப்பு எழுதியது:

முதல் கார்டு முடிந்தது. புள்ளிக் கோப்பைச் சேர்த்ததும் டபிள்யூலேன்0 வந்தது. வரிசையை மாற்றினேன், கேஷ் போட்டேன். ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு மூன்று முறை மின்சாரத்தைப் பிடுங்கி ஏற்றினேன், மூன்று முறையும் எழுத்துரு, ஆர்சிங்க் எல்லாம் இருந்தன. எஸ்எஸ்எச் சாவி மாறவில்லை. என் பொதுச்சாவியையும் ஏற்றுக்கொண்டது.

ஹாட்ஸ்பாட் எண்ணிக்கையும் உண்மைதான். அந்தப் போனின் அமைப்பிலேயே 6 என்று இருந்தது.

கடைசியாக ஒன்று. ஏபிகே அப்கிரேடை ஸ்கிரிப்டில் சேர்க்கலாமா?

---

பெகுக்காரன் எழுதியது:

முதல் பூட் ஸ்கிரிப்டில் வேண்டாம் தம்பி. அப்கிரேட் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும், கேஷிலும் வைக்கும். ஆனால் கார்டில் இருக்கும் கர்னலையும் மாட்லூப்பையும் தொடாது. அவற்றுக்கு அப்டேட்-கர்னல் என்று தனி ஸ்கிரிப்ட் உண்டு, அதற்குக் கார்டில் இடமும் தடையில்லாத மின்சாரமும் வேண்டும். எழுதும் நடுவில் கரண்டு போனால் அந்தக் கார்டு ஏறவே ஏறாது. மாதம் ஒரு முறை ஒரே ஒரு கார்டில், யுபிஎஸ்ஸோ மின்கலமோ இருக்கும் இடத்தில் வைத்து அப்கிரேட் செய்யுங்கள். ஏபிகே கேஷ் சிங்க் ஓட்டினால் பழைய பதிப்புகள் நீங்கி வேண்டியவை மட்டும் நிற்கும், பிறகு எல்பியு கமிட் -டி. நெட் இல்லாமல் ஒரு பூட் சோதித்தபின் கேஷ் கோப்புறையை மற்ற ஒன்பதுக்கும் நகல் எடுங்கள். அங்கே இருக்கும் பழைய கேஷை முதலில் அழித்துவிட்டு.